'போல' வந்தால் உவமை, வராவிட்டால் உருவகமா?

கேள்வி

"மகள் பத்தாம் வகுப்பு. 'போல, போன்ற, மாதிரி வந்தால் உவமை. எதுவும் வராவிட்டால் உருவகம்' என்று யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்துக் குறளுக்கு அணி எழுதினால் பாதி தப்பாகிறது. பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு கதையையோ கட்டுரையையோ கொடுத்தால், அதில் அணி இருக்கிறதா இல்லையா என்றே சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கண்டுபிடிக்க வழி உண்டா?" (திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓர் அப்பா)

நவம்பர் 6, இரவு

அந்த விதியை இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள் சார். இரண்டு பக்கமும் அது நிற்காது.

"மழை வரும் போல இருக்கு." 'போல' இருக்கிறது, உவமை இல்லை. "இதே மாதிரி இன்னொரு சட்டை குடுங்க." 'மாதிரி' இருக்கிறது, உவமை இல்லை. "அவங்க அம்மா போலவே அவளுக்கும் சுருட்டை முடி." இது ஒப்பீடுதான். ஆனால் முடியை முடியோடு வைத்துப் பார்க்கிற வெறும் ஒப்பீடு. உவமை என்றால் வேறு இனத்துப் பொருள் ஒன்று உள்ளே வந்தாக வேண்டும்.

மறுபக்கம் பாருங்கள். மலரடி, மதிமுகம், பவளவாய். எதிலும் 'போல' கிடையாது. ஆனாலும் உவமைதான், உருபு மறைந்து நிற்கிற உவமைத்தொகை. அதையே திருப்பிப் போட்டு அடிமலர், முகமதி என்று சொன்னால் உருவகம். மலரடி என்னும்போது பேச்சு அடியைப் பற்றியது, மலர் அதற்கு முன்னே வந்து நிற்கும் அடை. அடிமலர் என்னும்போது அடியே மலராகிவிட்டது. எந்தச் சொல் முன்னால், எந்தச் சொல் பின்னால் என்பதுதான் இங்கே வேலை செய்கிறது. 'போல' இருப்பதும் இல்லாததும் அல்ல.

எங்கள் கடலூர் முதுநகரில் மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். அவர்களிடம் அணியின் பெயரை நான் முதலில் கேட்பதே இல்லை. சொன்னது சொன்னபடியே நடக்குமா? நடக்காதென்றால், பேச்சு உண்மையில் எதைப் பற்றியது? பேச்சுக்குள் வெளியிலிருந்து வந்திருப்பது எது? இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? இவ்வளவுக்கும் விடை வந்த பிறகு பெயர். பெயரை முதலில் பிடிக்கப் போகிற பிள்ளை வாக்கியத்தைப் படிப்பதில்லை, அடையாளச் சொல்லைத் தேடுகிறது. உங்கள் மகளுக்கு நடந்திருப்பது அதுதான்.

நவம்பர் 7

நேற்றையதை ஒரு குறளில் வைத்துக் காட்டுகிறேன்.

"பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார்
இறைவன் அடிசேரா தார்."

பிறவியை நீந்த முடியுமா? முடியாது. பேச்சு எதைப் பற்றி? பிறவியைப் பற்றி. வெளியிலிருந்து வந்தது? கடல். பொதுவாக என்ன? கரை தெரியாமை, கடந்தாக வேண்டிய கட்டாயம். பிறவியே கடல் என்று சொல்லியாயிற்று, உருவகம்.

ஆனால் இன்னொன்று பாக்கி. பிறவி கடலானால் இறைவனடி என்னவாக வேண்டும்? புணையாகவோ படகாகவோ ஆக வேண்டும். வள்ளுவர் அதைச் சொல்லவில்லை. ஒன்றை உருவகமாக்கி, அதற்கு இணையானதை ஆக்காமல் விட்டதால் இது ஏகதேச உருவக அணி. சொல்லாமல் விட்ட படகை எங்கள் துறைமுகத்துப் பிள்ளைகள் உடனே கேட்டுவிடுவார்கள். "படகு எங்க டீச்சர்?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் அணியின் பெயர் ஒரு நிமிட வேலை.

நவம்பர் 8

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர்: "தேர்வில் பெயருக்குத்தான் மதிப்பெண். இந்தக் கேள்விகளெல்லாம் நேரத்தை வீணாக்கும்."

விடைத்தாளில் என்ன எழுதச் சொல்கிறார்கள்? அணியின் இலக்கணம், பிறகு உவமை எது, உவமேயம் (ஒப்பிடப்படும் பொருள்) எது, உருபு எது என்று பிரித்துக் காட்டும் பொருத்தம். நான் கேட்கும் கேள்விகளின் விடைதான் அந்தப் பொருத்தம். பெயர் மட்டும் எழுதிய விடைக்கு முழு மதிப்பெண் விழாது.

'பொதுவாக என்ன' என்ற கேள்வியும் நானாகச் சேர்த்ததில்லை. தொல்காப்பியத்தின் உவமவியல் அதில்தான் தொடங்குகிறது: "வினைபயன் மெய்உரு என்ற நான்கே". புலி போலப் பாய்ந்தான் என்றால் செயலில் ஒப்பு. மாரி போன்ற கொடை என்றால் பயனில். துடி (உடுக்கை) போன்ற இடை என்றால் வடிவில். பவளம் போன்ற வாய் என்றால் நிறத்தில். ஓர் உவமையைப் பார்த்ததும் இந்த நான்கில் எது என்று கேட்கப் பழகிய பிள்ளைக்கு, 'நிலா போன்ற முகம்' என்று எழுதும்போதே வட்டத்தைச் சொல்கிறோமா குளுமையைச் சொல்கிறோமா என்று யோசனை வந்துவிடும்.

நீங்கள் புதுச்சேரிக்காரர் என்பதால் உங்களுக்கென்று ஒன்று. பாரதி குயில் பாட்டின் தொடக்கத்திலேயே உங்கள் கடலை வைத்திருக்கிறார்: "காலை யிளம்பரிதி வீசுங் கதிர்களிலே நீலக் கடலோர் நெருப்பெதிரே சேர்மணிபோல்". கையேட்டில் 'உவமை' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் நின்று பாருங்கள். நெருப்பு சூரியன், அதன் எதிரே வைத்த நீலமணி கடல். மணி தன் நீலத்தை விடாமல் நெருப்பையும் தனக்குள் காட்டும். கிழக்கே கடல் இருக்கிற ஊரில் பத்து வருடம் வாழ்ந்தவர் பிடித்த ஒப்பு அது. இது 'உரு' என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த நிறம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்று கேட்டால் 'வினை'யும் உள்ளே வருகிறது. மணி ஏற்கிறது, கடல் ஏற்கிறது. இரண்டையும் எழுதினால் எந்தத் திருத்துநரும் குறைக்கப்போவதில்லை.

நவம்பர் 8, பின்னிரவு

நெய்வேலியிலிருந்து ஓர் அம்மா நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறார். "சொன்னபடி நடக்குமா என்று முதலில் கேட்கச் சொல்கிறீர்கள். 'கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து' சொன்னபடியே நடக்கிறதே?"

ஆமாம். தேர் கடலில் ஓடாது, கப்பல் தரையில் ஓடாது. ஒரு சொல்லும் பொய்யில்லை. முதல் கேள்வியோடு நின்றால் இந்தக் குறளில் அணியே இல்லை என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆகையால் அதோடு இன்னொன்றும் சேர வேண்டும்: உண்மையாகவே இருக்கட்டும், இதை இந்த இடத்தில் ஏன் சொல்கிறார்? அதிகாரத் தலைப்பைப் பாருங்கள், இடனறிதல். தேரும் நாவாயும் வள்ளுவருக்கு இங்கே பொருட்டில்லை. பகையை எதிர்க்கத் தனக்கேற்ற இடம் அறிவதுதான் பொருட்டு. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். உவமானத்தை மட்டும் சொல்லி உவமேயத்தை நம்மிடம் விடுவது பிறிதுமொழிதல்.

இதில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். எவ்வளவு சொல்லப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் போதும். இரண்டு பொருளும் இருக்கிறது, நடுவில் உருபும் இருக்கிறது: உவமையணி. இரண்டும் தனித்தனி வாக்கியமாக இருக்கிறது, உருபைக் காணோம்: எடுத்துக்காட்டு உவமை, "அகர முதல எழுத்தெல்லாம்" என்பதைப் போல. ஒன்றுதான் இருக்கிறது, மற்றது நம் மனத்தில்: பிறிதுமொழிதல்.

வீட்டில் நாள் முழுக்க நடப்பது இந்த மூன்றாவதுதான். என் மாமியார் மீன் ஏலக்கூடத்தில் பாதி வாழ்நாளைக் கழித்தவர். நாத்தனார் மகளுக்கு வரன் பேசி முடித்துவிட்டு எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போது, "வலையில வுழுந்தது கரைக்கு வரட்டும், அப்புறம் கணக்குப் போடலாம்" என்பார். வலையைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. ஆனால் கூடத்தில் இருந்த சின்னப்பிள்ளைக்குக்கூட அது கல்யாணத்தைப் பற்றிய பேச்சு என்று புரிந்தது. பழமொழிகள் பலவும் இந்த வகைதான். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லும்போது அக்கம்பக்கத்தில் யானை இருக்காது.

நவம்பர் 10

மூன்று நாளாக மழை. டி.வி.யில் ஓயாமல் புயல் செய்தி. அதையே வகுப்புக்கு எடுத்துக்கொண்டேன். செய்தித்தாளைக் கொடுத்து, சொன்னபடி நடக்காததையெல்லாம் பென்சிலால் கோடிடச் சொன்னேன்.

'புயலின் கண்', 'வலுவிழந்தது', 'மிரட்டும் மழை', 'தத்தளிக்கும் தாழ்வான பகுதிகள்'. தத்தளிப்பது நீரில் கிடக்கும் உயிர், பகுதி தத்தளிக்காது. அதைப் பிடித்தவள் பின்வரிசையில் உட்காருகிறவள், வகுப்பில் வாயே திறக்காதவள்.

இதில் 'கண்' எப்படி? ஊசிக்குக் காது, நாற்காலிக்குக் கால், புயலுக்குக் கண். ஒரு காலத்தில் யாரோ புதிதாகப் பார்த்துச் சொன்ன உருவகங்கள். இப்போது கேட்கும்போது எந்தப் படமும் மனத்தில் எழுவதில்லை. பொருளுக்கே பெயராகிவிட்டது. இவற்றுக்கு அணி என்று எழுத வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் கவனிக்காமலும் இருக்கக் கூடாது, ஏனென்றால் நல்ல எழுத்து இவற்றைத் திரும்ப எழுப்பும். 'தானே' புயலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது ஒரு பையன், "புயலின் கண் எங்கள் ஓட்டு வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது" என்று எழுதினான். கண் பார்க்க ஆரம்பித்துவிட்டது. வானிலைச் சொல் மறுபடி உருவகமாகிவிட்டது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அந்தப் புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது அவனுக்கு நினைவு தெரிந்திருக்காது. வீட்டில் கேட்டுக் கேட்டு வந்த பயம் அது.

எதிர்த் திசையிலும் ஒன்று நடந்தது, அதுதான் எனக்கு முக்கியம். 'கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றம்' என்ற வரியை நிறையப் பேர் கோடிட்டிருந்தார்கள். கூண்டை ஏற்றுவதாவது, உருவகம்தான் என்று முடிவு. இல்லை. துறைமுகத்துக் கம்பத்தில் குறிப்பிட்ட வடிவங்களை உண்மையாகவே ஏற்றுவார்கள். ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண் உண்டு. பொதுவாக எண் கூடக் கூட ஆபத்து அதிகம். படகோட்டி அதைப் பார்த்துத்தான் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார். சொன்னபடி நடக்குமா என்ற கேள்விக்கு விடை சொல்ல உலகத்தைப் பற்றிய அறிவு வேண்டும். இலக்கணப் புத்தகம் அங்கே உதவாது. துறைமுகத்துப் பிள்ளை சரியாக விட்டுவிட்ட வரியை, கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிற தெருப் பிள்ளை அணி என்கிறது. பழைய பாட்டுகளிலும் இதே கதைதான். கிணற்றில் நீரிறைக்கிற ஏற்றம், கவலை, பிறகு புணை, துடி எதையும் கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு நேர்ப்பொருளே உருவகம் போலத் தெரியும்.

நவம்பர் 11

"தற்குறிப்பேற்றமும் உருவகமும் ஒன்றா? உயிரில்லாததை உயிருள்ளது போலச் சொன்னால் தற்குறிப்பேற்றம் என்று எழுதலாமா?" (மறுபடி நெய்வேலி அம்மா)

எழுதக் கூடாது. "காற்று கதவைத் தட்டியது." காற்றுக்குக் கை கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே. தற்குறிப்பேற்றத்துக்கு இரண்டு வேண்டும். இயல்பாக நடக்கிற ஒரு நிகழ்ச்சி. அதன் மேல் கவிஞர் தாமாக ஏற்றிச் சொல்கிற ஒரு காரணம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது,

"போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட"

கொடி காற்றில் அசைகிறது. அது இயல்பு. 'வராதீர்கள்' என்று கைகாட்டித் தடுப்பதாக இளங்கோ காரணத்தை ஏற்றுகிறார். உள்ளே என்ன நடக்கப்போகிறதென்று கதை தெரிந்தவர்க்கு வயிற்றைப் பிசைகிற இடம். கோவலன் அந்தக் கொடியைப் பார்த்திருப்பான், நடந்துகொண்டே இருந்திருப்பான்.

இன்னொன்றையும் பாருங்கள்: 'என்பனபோல்'. இங்கே 'போல்' வந்தும் உவமையணி என்று யாரும் எழுதுவதில்லை.

நவம்பர் 12

நேற்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை சுனாமி தேவனாம்பட்டினத்தையும் சுற்றியிருந்த குப்பங்களையும் அடித்துப் போட்டது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா சொன்னார்: "கடலு தன் எடத்தக் கேட்டு வந்துச்சு." கடல் பொங்கியது இயல்பாக நடந்தது. இடத்தைக் கேட்டு வந்தது என்பது அவர் ஏற்றிய காரணம். நேற்றைய இலக்கணத்தை அப்படியே பொருத்தினால் தற்குறிப்பேற்றம்.

ஆனால் அவர் அணியாகச் சொல்லவில்லை. கடலம்மா என்று கும்பிட்டு, முதல் மீனை அவளுக்குக் காட்டி வாழ்ந்தவர். கடலுக்கு இடம் உண்டு, கோபம் உண்டு, கேட்கிற உரிமை உண்டு என்பது அவருக்கு நேர்ப்பொருள். அதே வாக்கியத்தை நான் கட்டுரையில் எழுதினால் அணி. அவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் அணி இல்லை. சொல் ஒன்று, சொல்கிறவர் வேறு.

அப்படியானால் இளங்கோவுக்கும் இது பொருந்துமா? கொடி தடுத்தது என்று அவர் நம்பினாரா? நிமித்தம் பார்க்கிற காலம் அது. ஆனால் அவரே 'என்பனபோல்' என்று எழுதி, இது என் பார்வை என்று ஒதுக்கி வைத்துக்கொள்கிறார். பெரியம்மாவின் வாக்கியத்தில் அந்தப் 'போல்' இல்லை. அந்த ஒரு சொல்லில் கவிஞர் தம்மைக் காட்டிக்கொள்கிறார். உங்கள் மகளுடைய விதி தேடிய அதே சொல்தான். உவமைக்கு அடையாளமாக அது அவ்வளவாக உதவாது. பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதற்கு நன்றாக உதவும்.

பக்திப் பாடல்களைப் படிக்கும்போது இந்தக் கேள்வியைக் கைவிடாதீர்கள். நம்பிச் சொன்னதையெல்லாம் 'உருவகம்' என்று எழுதி முடித்துவிடுவது பாடியவருக்குச் செய்கிற நியாயமில்லை.

நவம்பர் 13

திருப்பாதிரிப்புலியூர் அப்பாவுக்கு: உங்கள் வீட்டு வாசலிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணை யாவது நமச்சி வாயவே." அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள், அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து உங்கள் ஊர்ப் பக்கம் கரைசேர்ந்தார் என்பது மரபு. கரையேறவிட்ட குப்பம் என்று ஊரே இருக்கிறது. அந்த மரபுப்படி இது நடந்ததைச் சொல்லும் வரி. இன்று கடன் தொல்லையில் இருக்கிற ஒருவர் கோயிலில் நின்று அதைப் பாடும்போது கல் கல்லில்லை, கடலும் கடலில்லை. ஒரே வரி இரண்டு விதமாகவும் நிற்கிறது. எது சரி என்று கேட்டால், யார் வாயில் இருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன்.

"மாசில் வீணையும் மாலை மதியமும்" பாட்டும் அவருடையதே. வீணை, மதியம், தென்றல், இளவேனில், வண்டறை பொய்கை: இத்தனை உவமை வரிசையாக வந்து 'போன்றதே' என்று ஓர் உருபில் முடியும். உவமேயம் கடைசியில்தான், "ஈசன் எந்தை இணையடி நீழலே". பொதுத்தன்மை என்ன? இதமும் குளுமையும். நீற்றறைக்குள், சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கப்பட்டபோது பாடியது என்ற மரபைத் தெரிந்துகொண்டு படித்தால், அவர் எண்ணி வைத்த ஒவ்வொன்றும் அந்த வெப்பத்துக்கு எதிரே நிற்பது தெரியும். வெளியிலிருந்து என்ன வந்திருக்கிறது என்று கேட்கிற பிள்ளை, என்ன வரவில்லை என்றும் கேட்கலாம். தீயைப் பற்றி அந்தப் பாட்டில் ஒரு சொல் கிடையாது.

நவம்பர் 15

"உவமை, உருவகம் எல்லாம் பள்ளிக்கூடச் சரக்கு. புதுக்கவிதையில் படிமம், குறியீடுதானே எல்லாம்?" என்று ஓர் இளைஞர். கொஞ்சம் சூடாகவே.

குறியீடு புதுச்சரக்கு இல்லை தம்பி. குறுந்தொகை எட்டாம் பாட்டைப் பாருங்கள். "கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்." வயலோர மாமரத்தில் பழம் பழுத்துத் தானாக விழுகிறது, குளத்து வாளைமீன் கவ்விக்கொள்கிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரன் அவன். பேசுகிறவள் பரத்தை. முயற்சி செய்யாமலே வாளைக்குப் பழம் கிடைத்தது. தான் தேடிப் போகாமலே தலைவன் கிடைத்தான் என்பது உள்ளே இருக்கிறது. உள்ளுறை என்றார்கள்.

உருவகத்தையும் குறியீட்டையும் பிரிக்க என்னிடம் இருப்பது ஒரே கேள்விதான்: அந்தப் பொருள் காட்சிக்குள் நிஜமாகவே இருக்கிறதா? பிறவிக்கடலில் கடல் இல்லை, பேச்சில் மட்டும் வருகிறது. அந்த ஊரில் மாமரம் இருக்கிறது, வாளை இருக்கிறது, பழம் விழுகிறது. இருந்துகொண்டே இன்னொன்றையும் சொல்கிறது. பண்ருட்டிப் பக்கத்துக் கதை ஒன்றில், 'தானே' புயலில் சாய்ந்த பலாவை வெட்டாமல் அப்பா வருடக்கணக்காக விட்டு வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் அந்தத் தோட்டத்தில் நிஜமாகக் கிடக்கிறது. கூடவே வேறு ஏதோ ஒன்றும் கிடக்கிறது. அது குறியீடு.

ஆனால் ஒரு வேண்டுகோள். கதையில் வருகிற ஒவ்வொரு மழையையும் துயரம் என்றும், ஒவ்வொரு பறவையையும் விடுதலை என்றும் எழுத வைக்கிற கையேடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து வந்து சொல்லும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. நவம்பரில் கடலூரில் மழை பெய்யும். எழுத்தாளர் அதற்குத் திரும்பத் திரும்ப வந்தால், யாராவது அதை உற்றுப் பார்த்தால், கதையின் திருப்பத்தில் அது நின்றால் அப்போது கேளுங்கள். குயில் பாட்டின் கடைசியில் பாரதியே "வேதாந்த மாக விரித்துப் பொருளுரைக்க யாதானுஞ் சற்றே இடமிருந்தாற் கூறீரோ" என்று புலவர்களைக் கேட்கிறார். இடம் இருந்தால் என்கிறார். அந்த 'இருந்தால்' எனக்குப் பிடித்திருக்கிறது.

நவம்பர் 16

வந்திருக்கிற சின்னக் கேள்விகளுக்கு வேகமாக.

'ஊரே திரண்டது', 'வீட்டுக்கு வெள்ளை அடிச்சாச்சு', 'தலைக்கு நூறு ரூபாய்': இவை அணி இல்லை, ஆகுபெயர். ஒப்புமை கிடையாது, தொடர்புடைய ஒன்றின் பெயர் மற்றதற்கு ஆகி வருகிறது. ஊருக்கும் மக்களுக்கும் ஒற்றுமை இல்லை, மக்கள் அங்கே இருக்கிறார்கள், அவ்வளவே. ஒற்றுமையா தொடர்பா என்று கேட்டால் பிரிந்துவிடும்.

"தேவர் அனையர் கயவர்" உவமையா? 'அனையர்' என்ற உருபு வருகிறது. கயவரைத் தேவரோடு சேர்த்தும் பேசுகிறது. அடுத்த அடியைப் படிக்காமல் பெயர் எழுதாதீர்கள். "அவருந்தாம் மேவன செய்தொழுக லான்": கேட்பாரில்லாமல் நினைத்தபடி நடப்பதில் ஒன்று. புகழ்வது போல இகழ்ச்சி, வஞ்சப்புகழ்ச்சி.

"தீயினாற் சுட்டபுண்" வேற்றுமையணி. தீயும் நாவும் சுடும், அது ஒற்றுமை. ஒன்று ஆறும், மற்றது ஆறாது. ஒற்றுமையைச் சொல்லிப் பிறகு வேறுபடுத்த வேண்டும். வேறுபாட்டை மட்டும் சொன்னால் போதாது.

மொத்தம் எத்தனை அணி என்று கேட்டவருக்கு: தண்டியலங்காரம் பொருளணி 35 என்கிறது. பத்தாம் வகுப்புக்கு அத்தனையும் வேண்டாம்.

நவம்பர் 19

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மகளே எழுதியிருக்கிறாள். செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததாகவும், ஒன்று மட்டும் பிடிபடவில்லை என்றும். 'கண்ணீர் வரவழைக்கும் வெங்காயம்.' விலை ஏறியதைப் பற்றிய செய்தியின் தலைப்பு. "சொன்னபடியே நடக்குது டீச்சர். வெங்காயம் கண்ணீர் வரவழைக்கத்தானே செய்யும். ஆனா செய்தி விலையைப் பத்தி. உவமையும் இல்லை, உருவகமும் இல்லை. பிறிதுமொழிதலா?"

கேள்வி கேட்ட விதமே சரியாக இருக்கிறது. சொன்னபடி நடக்கிறது என்று பார்த்திருக்கிறாய். பிறகு இங்கே ஏன் இது என்று கேட்டிருக்கிறாய். பிறிதுமொழிதலாக இருக்க வேண்டுமென்றால் வெங்காயத்தைச் சொல்லி வேறொரு பொருளைக் குறிக்க வேண்டும். இங்கே பேசுவதும் வெங்காயம், குறிப்பதும் வெங்காயம். மாறுவது கண்ணீர்தான். அரியும்போது கண் எரிந்து வருகிற கண்ணீர் ஒன்று, கடையில் விலை கேட்டதும் வருகிற கண்ணீர் ஒன்று. ஒரு தொடர் இரண்டு பொருளுக்கும் பொருந்தி நிற்கிறது. அது சிலேடை, இரட்டுற மொழிதல் என்றும் எழுதலாம். இரண்டாவது கண்ணீரில் கொஞ்சம் உயர்வு நவிற்சியும் இருக்கிறது, ஏனென்றால் விலை கேட்டு யாரும் கடையிலேயே அழுவதில்லை. தேர்வில் சிலேடை என்று எழுதி, இரண்டு பொருளையும் தனித்தனி வரியில் காட்டு.